கல்லுக்கும் கணக்கு வேண்டும்

தேனி மாவட்டத்தில் எந்த டீக்கடையிலும் உட்கார்ந்து "பெரியாறு எவ்வளவு நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அடிக்கணக்கில் வரும். 142 என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த எண். வைகைக்கு 71, மஞ்சளாறுக்கு 57, சண்முகாநதிக்கு ஐம்பத்திரண்டரை. வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று தினத்தாள்கள் நாள் தவறாமல் போடுகின்றன. தண்ணீருக்கு நாம் வைத்திருக்கிற கணக்கு அப்படிப்பட்டது. இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் அடிக்கணக்கில் சண்டை போட்ட ஊர் இது.

அதே டீக்கடையில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். "போன மழைக்கு உங்க ஓடையில எத்தனை யூனிட் கல்லு எறங்குச்சு?" யாரிடமும் பதில் இருக்காது. விவசாயிக்குத் தெரியாது, பஞ்சாயத்துக்குத் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. தூர்வாரிய காண்ட்ராக்டருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம், அவர் சொல்ல மாட்டார்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலையடிவாரத்து ஓடை தண்ணீரை மட்டும் கொண்டு வருவதில்லை, கல்லையும் கொண்டு வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அது ஓடை. தண்ணீருக்குக் கணக்கு வைத்துக்கொண்டு கல்லைக் கணக்கில் எடுக்காததால்தான், நாம் கட்டுகிற ஒவ்வொன்றும் சில மழைகளுக்குள் வீணாகிறது. அடுத்த மழைக்கு முன்னால் அதே இடத்தில் அதே வேலைக்கு மறுபடியும் எஸ்டிமேட் போடுகிறோம். இதை அறியாமை என்று சொல்லி விட்டுவிட முடியாது. கணக்கு இல்லாமல் இருப்பதில் சிலருக்கு லாபம் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். மேற்கே கேரள எல்லை மலை. கிழக்கே மேகமலை, அதற்கு அப்பால் வருசநாடு. நடுவே முல்லைப் பெரியாறு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். பத்திரிகையும் மந்திரியும் பேசுவது இந்த ஆற்றைப் பற்றித்தான். ஆனால் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்து மலையிலிருந்தும் எத்தனையோ காட்டோடைகள் இறங்குகின்றன. போடிக்குக் கொட்டகுடி ஆறு, பெரியகுளத்துக்கு வராகநதி, கம்பத்துக்குச் சுருளியாறு என்று பேர் பெற்றவை சில. பேரில்லாமல் வெறும் 'மேற்கு ஓடை', 'கோயில் ஓடை' என்று ஊர்க்காரர்கள் கூப்பிடுகிறவைதான் மிச்சம் எல்லாம். கண்மாய்க்கு வரத்து இவைதான். கிணற்றுக்கு ஊற்றும் இவைதான். ஆற்றுப் பாசனம் எட்டாத மலையடிவாரக் காடுகளில் தென்னையும் வாழையும் பன்னீர் திராட்சையும் நிற்பது இவற்றை நம்பி.

குரங்கணிக்கு மேலே மலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. போடி சுமார் 350 மீட்டரில் இருக்கிறது. காகம் பறக்கிற கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் தூரம் கொஞ்சம்தான். இவ்வளவு செங்குத்தாக இறங்குகிற தண்ணீர் தன் வேகத்துக்குத் தக்க சுமையைத் தூக்கிக்கொண்டு வரும். ஆற்றுப் பொறியியலில் பழைய விதி ஒன்று உண்டு: ஓட்டத்தின் வேகம் 2 மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். சாதாரண நாளில் ஒரு கிலோ கல்லை நகர்த்துகிற ஓடை, வேகம் இரட்டித்த ராத்திரியில் 64 கிலோ குண்டுக்கல்லைப் புரட்டும். வெள்ளத்தன்று ஓடைக்குள் இடி இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அது தண்ணீர் போடுகிற சத்தம் இல்லை. அடியில் கல்லோடு கல் மோதுகிற சத்தம்.

மலை முடிந்து தரை சமமாகிற இடத்தில் வேகம் சட்டென்று குறைகிறது. தூக்கி வந்ததை ஓடை அங்கேதான் போட்டாக வேண்டும். முதலில் குண்டுக்கல், அடுத்து சரளை, அப்புறம் மணல், கடைசியில் வண்டல். போட்டுப் போட்டுத் தன் படுகையே மேடானதும், ஓடை பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். அங்கேயும் போடும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி விசிறி மாதிரி விரித்துப் போட்ட மண்தான் நம் மலையடிவார நிலம். நாம் பட்டா வாங்கி வைத்திருப்பது ஓடை போட்ட கல்லின் மேல். இந்த விஷயத்தை மறந்துவிட்டு, "ஓடை என் காட்டுக்குள்ள வந்துருச்சு" என்று மனு எழுதுகிறோம்.

2025 அக்டோபரில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரே ராத்திரி மழையில் இந்தப் பள்ளத்தாக்கு என்ன பாடுபட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். குமுளிப் பக்கமும் வெள்ளம், கீழே கம்பம், உத்தமபாளையம் பக்கமும் வெள்ளம். மறுநாள் முழுக்கப் பேச்சு பெரியாறு அணை எத்தனை அடி ஏறியது என்பதுதான். தண்ணீர் நாலைந்து நாளில் வடிந்துவிடும். வயலில் ஓடை கொட்டிவிட்டுப் போன கல் வடியாது. மூழ்கின நெல்லுக்கு நிவாரணம் கேட்கலாம். முழங்கால் ஆழத்துக்குச் சரளை மூடிய குழியை மறுபடி நஞ்சை ஆக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்கிற படிவம் எந்த ஆபீசிலும் இல்லை.

சரி, நாம் என்ன வைத்தியம் செய்கிறோம்? மூன்று மருந்து கைவசம் இருக்கிறது. தடுப்பணை, தடுப்புச் சுவர், தூர்வாருதல்.

முதலில் தடுப்பணை. தலைவர்கள் எல்லோருக்கும் பிடித்த மருந்து இது. கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். மலையடிவாரத்தில் ஒரு தடுப்பணை கட்டினால் வெள்ளம் நிற்கும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது அடி அகல ஓடை, நான்கடி உயரத் தடுப்பணை, நாற்பதுக்கு ஓரடி இறங்குகிற சரிவு. அணைக்குப் பின்னால் தண்ணீர் 160 அடி தூரத்துக்குத்தான் தேங்கும். ஆப்பு வடிவம் என்பதால் கொள்ளளவு 19,200 கன அடி. ஓடையில் 500 கன அடி வெள்ளம் வந்தால் இந்த அணை நிரம்ப ஆகிற நேரம் 38 விநாடி. முப்பத்தெட்டே விநாடி! வெள்ளத்தைத் தடுக்கிற அணை என்று பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

வெள்ளம் நிற்காது, ஆனால் கல் நிற்கும். அதே 19,200 கன அடி என்பது 192 யூனிட். சில பெருமழையில் அது நிரம்பிவிடும். அதன் பிறகு அந்த அணை வெறும் படிக்கட்டு. தண்ணீர் கல்மேட்டின் மேல் ஓடி வந்து நான்கடி கீழே விழும். நிரம்பின அணையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. படுகையைப் பிடித்து நிறுத்துகிற வேலையை அது செய்யும். ஆனால் எஸ்டிமேட்டில் எழுதின வேலை அதுவா? நிரம்பினால் யார் அள்ளுவது, எப்போது அள்ளுவது, அள்ளினதை எங்கே கொட்டுவது என்று எந்த எஸ்டிமேட்டிலாவது ஒரு வரி இருக்கிறதா?

எங்களுக்குத் தேவாரம் பக்கம் மலையடிவாரத்தில் ஒண்ணரை ஏக்கர் காடு உண்டு. அதற்கு மேற்கே ஓடையில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். எந்தத் துறை என்று இங்கே சொல்லவில்லை, எல்லாத் துறையும் இப்படித்தான் கட்டுகிறது. மூன்றாவது வருஷம் அது கல்லால் நிரம்பியது. நாலாவது வருஷம் வெள்ளம் அணையின் வலது தோளைச் சுற்றிக்கொண்டு கரையை அறுத்துப் போனது. இப்போது அணை வறண்டு நட்ட நடுவில் நிற்கிறது, ஓடை அதன் பக்கத்தில் ஓடுகிறது. அறுத்துப் போன மண் எங்கள் தென்னை வரிசையில் கிடக்கிறது. போய்க் கேட்டதற்கு, "அணைக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான நிக்குது" என்றார் ஒருவர். உண்மைதான். அணை நன்றாக நிற்கிறது. ஓடைதான் போய்விட்டது.

இரண்டாவது மருந்து தடுப்புச் சுவர். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஓடையை நேராக்குவது. ஊருக்குள் வீடுகள் இருக்கிற இடத்தில் வேறு வழியில்லை என்றால் கட்டத்தான் வேண்டும். ஆனால் வளைந்த ஓடையை நேராக்கினால் தூரம் குறையும், சரிவு கூடும், வேகம் கூடும். அகலத்தைக் குறைத்தால் இன்னும் கூடும். அறுபத்து நாலு மடங்குக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். சுவர் முடிகிற இடத்தில் நிற்கிறவன் தலையில் அத்தனையும் விழும். மேல ஊர் தன் வெள்ளத்தைக் கான்கிரீட் குழாய் வழியாகக் கீழ ஊருக்கு அனுப்புகிறது, கீழ ஊர் தனக்கும் ஒரு சுவர் கேட்டு மனுக் கொடுக்கிறது. கடைசியில் சுவர் இல்லாத ஒரு காடு இருக்கும். அது பெரும்பாலும் மனுக் கொடுக்க வழி தெரியாதவனுடைய காடாக இருக்கும்.

மூன்றாவது, தூர்வாருதல். இந்த வார்த்தையைக் கேட்டாலே விவசாயிக்கு மனசு குளிரும். எனக்கு வயிறு கலங்குகிறது. கண்மாயில் வண்டல் எடுப்பது வேறு, ஓடையில் கல் எடுப்பது வேறு. கண்மாய் வண்டல் வயலுக்கு உரம். எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஓடைப் படுகையில் பொக்லைனை இறக்கித் தோண்டினால் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை, ஓடையின் நடையே மாறுகிறது. பள்ளத்தின் மேல் விளிம்பில் தண்ணீர் அருவியாக விழும். விழுந்து விழுந்து அந்த விளிம்பைக் கரைத்துக்கொண்டே மேல்நோக்கிப் போகும். பாலத்தின் கால், வாய்க்கால் தலைப்பு, கிணற்றுக்கரை என்று வழியில் இருப்பதையெல்லாம் அடியில் தோண்டும். கீழ்ப்பக்கமோ, சுமை இல்லாத தண்ணீர். கலிபோர்னியாவின் ஆற்று ஆய்வாளர் மத்தியாஸ் கொண்டோல்ஃப் 1997-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'பசித்த தண்ணீர்' என்று பெயர் வைத்தார். கல்லைப் பறிகொடுத்த ஓடைக்குப் பசி எடுக்கும். வேறெங்கும் கிடைக்காவிட்டால் கரையைத் தின்னும். கரை என்றால் நம் வரப்பு.

அப்படி எடுத்த கல்லும் மணலும் எங்கே போகிறது? தூர்வாருகிற வேலை பெரும்பாலும் மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் நடக்கும். எவ்வளவு தோண்டினார்கள் என்று அளக்கப் போகிற நேரத்தில் மழை வந்து பள்ளத்தை மூடியிருக்கும். எம்.புக்கில் எழுதினதுதான் கணக்கு. 2003 அக்டோபரில் மணல் அள்ளுவதைத் தனியாரிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. எல்லாம் ஆற்று மணலைச் சுற்றி. பேரில்லாத ஓடையில் 'தூர்வாருகிறோம்' என்று சொல்லி லாரி ஏற்றினால் இந்தச் சட்டங்களின் கண்ணில் அது சுரங்கமே இல்லை, பராமரிப்பு. சவடு மண், கிராவல், வண்டல் என்று சீட்டில் பேர் மாறுகிறது, டிப்பரில் ஏறுவது மணல்தான். கல்லுக்குக் கணக்கில்லாததால் லாபம் யாருக்கு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இங்கே.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். "அப்ப பழைய காலத்துல கல்லு வரலையா? அவங்க எப்படிச் சமாளிச்சாங்க?" நல்ல கேள்வி. கொட்டகுடி ஆற்றில் அணைப்பிள்ளையார் தடுப்பணையையும் அதிலிருந்து பிரிந்து பங்காருசாமி கண்மாய் மாதிரியான குளங்களுக்குப் போகிற வாய்க்கால்களையும் பாருங்கள். பழைய அணைக்கட்டுகள் பல ஓட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து கிடக்கும். உயரம் குறைவு. வெள்ளம் மேலேறிப் போக வேண்டும் என்றே கட்டியது. ஆறு வளைகிற இடத்தில் வெளிவளைவில் வாய்க்கால் தலைப்பை வைப்பார்கள். வளைவில் தெளிந்த மேல்தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கும், அடியில் உருளும் கல் உள்வளைவில் தங்கும். தலைமதகுக்குப் பக்கத்திலேயே, அதைவிடத் தாழ்வாக ஒரு மணற்போக்கி. வெள்ளத்தின்போது அதைத் திறந்துவிட்டால் வாசலில் சேர்ந்த கல்லைத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். சிறு ஓடையில் இதுகூடக் கிடையாது. விழலும் தழையும் மண்ணும் கொண்டு கொரம்பு போடுவார்கள். பெரிய வெள்ளம் வந்தால் அது அடித்துக்கொண்டு போய்விடும், போக வேண்டும் என்றுதான் போட்டது. கொரம்பு போனதால் நிலம் தப்பியது. மறுபடி போட நாலு ஆள், ஒரு நாள் வேலை.

இந்த எல்லா ஏற்பாட்டுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். நீர்பாய்ச்சி. ராத்திரி மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து போய் மதகை அடைக்கவும் மணற்போக்கியைத் திறக்கவும் தெரிந்தவர். இன்றைக்கு எத்தனை வாய்க்காலில் மணற்போக்கியின் பலகை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, எத்தனைக்குப் பலகையே இல்லை என்று அவரவர் ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் திருகாணிக்கும் கிரீசுக்கும் ஆள் இல்லாமல் லட்சக்கணக்கில் தூர்வாருகிறோம்.

உடனே 'அந்தக் காலம்' என்று கும்பிடு போடவும் நான் தயாரில்லை. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். குடிகள் எல்லோரும் மண்வெட்டி பிடித்தார்களா? நிலம் இருந்தவர் கரையில் குடை பிடித்து நின்றார். நிலமில்லாதவர்தான் இடுப்பளவு சேற்றில் கல்லைத் தூக்கினார். அவருக்கு அந்தத் தண்ணீரில் பங்கு கிடையாது, சில ஊர்களில் அந்த ஓடையில் இறங்கிக் குடிக்கவும் உரிமை கிடையாது. 1858-இல் மதராஸ் மாகாணத்தில் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பேர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் பேராவது நேர்மையாக வைத்தான். ஆகவே பழைய குடிமராமத்து திரும்பி வர வேண்டாம். பழைய நுட்பம் வரட்டும், உழைப்புக்கு முழுக் கூலியோடு வரட்டும். 2017-இல் அரசு அதே பேரில் ஒரு திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய். பேர் பழையது, வேலையில் பெரும்பகுதி பொக்லைனுக்குப் போனது. குடியும் இல்லை, மராமத்தும் இல்லை.

கல்லைக் கணக்கில் எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல்மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சைப் பாசனமே ஆட்டம் கண்டது. 1829-இல் கேப்டன் சிம் சொன்ன யோசனை, மணலைத் தள்ளிவிட மதகுகள் வேண்டும் என்பது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டினார். அதன் பிறகு காவிரி அளவுக்கு மீறித் தண்ணீரை இழுத்துப் படுகையை ஆழமாக்கிக்கொள்ள, அதையும் திருத்த வேண்டி வந்தது. அதாவது தஞ்சையைக் காப்பாற்றிய பொறியாளர்களின் பாதிக் கவலை மணலைப் பற்றியது. நாம் காட்டனின் படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் மணலைப் பார்த்த கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு, நம் விவசாயிகள் கேட்க வேண்டிய கதை. கலிபோர்னியாவில் தங்கத்துக்காக மலைகளைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கரைத்தார்கள். கரைந்த சரளை யூபா ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கி, கீழே இருந்த பண்ணைகளை மூடியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு தங்கச் சுரங்கக் கம்பெனிகள். 1884-இல் நீதிபதி லாரன்சோ சாயர், ஆற்றில் சரளையைத் தள்ளுவதற்குத் தடை விதித்தார். தங்கத்தை எதிர்த்து நெல்லும் கோதுமையும் ஜெயித்த மாதிரி ஒரு தீர்ப்பு. பிறகு ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியலாளர் அந்தச் சரளை ஆற்றில் எப்படி நகர்கிறது என்று அளந்தார். 1917-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, சரளை ஓர் அலையைப் போல மெதுவாக, பல பத்து வருஷங்கள் எடுத்து இறங்குகிறது என்று காட்டியது. இன்றைக்கு மலைமேல் புல்டோசர் தள்ளிய கல், நம் பேரன் காலத்தில் கண்மாய்க்கு வந்து சேரும் என்பது அதன் பொருள்.

அளந்தவர்கள் கட்டுவதும் வேறு மாதிரி இருக்கிறது. ஜப்பானில் மலைச்சரிவு ஓடைகளைப் பார்த்துக்கொள்ள 1897-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அவர்கள் 'சபோ' என்று சொல்கிற அணைகளில் ஒரு வகைக்கு நடுவில் திறப்பு இருக்கும், அல்லது இரும்புக் குழாய்கள் பல் மாதிரி நிற்கும். சாதாரண நாளில் சிறு கல்லும் மணலும் போய்க்கொண்டே இருக்கும். பெருவெள்ளத்தன்று பாறையும் மரமும் மட்டும் சிக்கும். பாதுகாப்பும் உண்டு, கீழே பசியும் இல்லை. ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில் அணையின் தலையிலேயே இரும்புச் சட்டம் பதித்துவிடுவார்கள். பெரிய கல் மேலே உருண்டு போய்விடும், தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே விழுந்து வாய்க்காலுக்குப் போகும். கூடவே விழுகிற பொடிக்கல்லுக்கு வாய்க்கால் தலைப்பில் ஒரு தொட்டி. தொட்டியின் கதவைத் திறந்துவிட்டால் தண்ணீரே அதைக் கழுவிக்கொண்டு போகும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. போடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் செய்து தருவார்.

கீழே எதைச் செய்தாலும் மலையைப் பார்க்காமல் முடியாது. ஒவ்வொரு பெருமழைக்கும் போடிமெட்டுச் சாலையில் பாறை உருள்வதைச் செய்தியில் படிக்கிறோம். சாலையில் விழுந்ததை ஒதுக்கிப் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். பள்ளம் என்பது ஓடையின் தலை. எஸ்டேட்டுக்கு ஜீப் ரோடு வெட்டினாலும் வெட்டிய மண் அதே பள்ளத்துக்குத்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்டதை நாடே பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் செய்தியாக்காத தீக்கள் எத்தனையோ. புல் எரிந்த சரிவில் முதல் மழை விழுந்தால் மண் பிடிமானம் இல்லாமல் இறங்கும். வருசநாட்டில் காடு குறைந்ததற்கும் மூல வைகை கலங்கி வருவதற்கும் உள்ள தொடர்பு கடமலைக்குண்டில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். வைகை அணையில் வண்டல் ஏறிவிட்டது, தூர்வாருங்கள் என்று மதுரையில் கூட்டம் போடுகிறவர்களில் எத்தனை பேர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

இதில் பெரிய சிக்கல், ஒரே ஓடைக்கு நாலு முதலாளி. மலைமேல் வனத்துறை. கண்மாய் வரத்து என்றால் நீர்வளத்துறை. ஊர் எல்லைக்குள் ஊராட்சி. சில தடுப்பணைகள் வேளாண் பொறியியல் துறை. பாலம் நெடுஞ்சாலைத்துறை. ஐந்தாகிவிட்டது பாருங்கள். ஓடைப் புறம்போக்கைக் காப்பாற்ற வேண்டிய வருவாய்த்துறையைச் சேர்த்தால் ஆறு. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டம் வந்தது. பேரில்லாத ஓடைக்கு இன்னும் 1905-ஆம் வருஷத்துச் சட்டம்தான். கல்லுக்குத் துறை எல்லை தெரியாது. அது எல்லோருடைய எல்லையையும் தாண்டி உருண்டு வந்து, ஒரு துறையும் இல்லாத விவசாயியின் காட்டில் நிற்கிறது.

"இதெல்லாம் பேசலாம், கையில ஆள் இல்லையே. நூறு நாள் வேலைக்கு வர்றவங்களே வயசானவங்க. மெஷின் இல்லாம எப்படி?" இது நியாயமான எதிர்வாதம். மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுகை முழுக்க இறக்காதீர்கள் என்கிறேன். வாய்க்கால் தலைப்பில் ஒரு கல்தொட்டி, வருஷம் ஒரு தடவை, அளந்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் மெஷின் இறங்கட்டும். எடுத்த கல் எத்தனை யூனிட் என்று ஊர்ச் சாவடியில் எழுதிப் போடட்டும். அதில் ஒரு பங்கு அணைக்குக் கீழே ஓடையிலேயே திரும்பப் போகட்டும், பசி அடங்கும். மிச்சம் ஊராட்சியின் ரோட்டுக்கும் கரைக்கும் போகட்டும். விற்றால் அந்தக் காசு நீர்பாய்ச்சியின் சம்பளம். ஆம், மாதச் சம்பளம், நெல் மூட்டை இனாம் இல்லை. நிலமில்லாதவருக்கும் பாசனச் சங்கத்தில் ஓட்டு. 2000-இல் பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் போட்டார்களே, அதில் விவசாயி என்றால் பட்டாதாரர் மட்டும்தானா என்று இப்போதாவது கேட்போம்.

இன்னொரு வாதமும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. ஓடைக்கு இடம் விடச் சொன்னால் நம் ஆட்களுக்கே பிடிக்காது. ஓடைப் புறம்போக்கில் தென்னை வைத்திருப்பது வெளியூர்க்காரன் இல்லை, நம் சித்தப்பா, நம் மாமன். தேனி நகருக்குள் ராஜவாய்க்கால் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஊருக்கு வெளியே அதே காரியத்தை வேலி போட்டுச் செய்தால் அது விவசாயம் ஆகிவிடுமா? அறுபது அடி ஓடையை இருபது அடியாக்கிவிட்டு, வெள்ளம் வந்தால் நிவாரணம் கேட்பதும், கல் வந்தால் தூர்வாரக் கேட்பதும் நியாயம் இல்லை. சர்வே கல்லைத் தேடி எடுத்து ஓடையின் பழைய அகலத்தைத் திருப்பிக் கொடுத்தால் பாதி வெள்ளம் தானாக அடங்கும். கரையில் நீர்மருதும் புங்கையும் நொச்சியும் விட்டால் மீதியில் பாதி. எஞ்சியதற்குக் கான்கிரீட் போடுங்கள், நானே வந்து செங்கல் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஜனவரி 15 அன்று இந்தப் பள்ளத்தாக்கில் பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான், 1895-இல் அவர் திறந்த தண்ணீரில்தான் இந்த நெல் விளைகிறது. ஆனால் கட்டினவருக்குச் சிலை வைக்கிற ஊரில், கட்டினதைக் காப்பாற்றுகிறவருக்குக் கூலி பாக்கி. இந்தப் பழக்கம் மாறாத வரை நாம் கட்டிக்கொண்டே இருப்போம், ஓடை மூடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டம் வருகிறது. தடுப்பணை வேண்டும் என்று மனு எழுதுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். ஏற்கெனவே இருக்கிற அணையில் எத்தனை யூனிட் கல் கிடக்கிறது? போன தடவை அள்ளின கல் எங்கே போனது? மணற்போக்கியின் சாவி யார் கையில் இருக்கிறது? பதில் வரும் வரை உட்கார்ந்திருங்கள். பதில் வராது என்பது எனக்கும் தெரியும். கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கல்லுக்கான கணக்கில் அது முதல் வரியாக இருக்கட்டும்.